இடது பக்கத்து பிரேக்

எங்களுக்கு முன்னால் இன்னும் நாலு வண்டி. நாலும் டிரைவிங் ஸ்கூல் வண்டிதான், நாலின் முதுகிலும் சிவப்பு எல், நாலுக்குள்ளும் என்னைப் போல ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற ஒரு ஆள் இடது பக்கம் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளியிருப்பார். நான் வண்டியில் ஏறும்போதே கழற்றிவிட்டேன். உள்ளங்காலில் ரப்பர் விரிப்பு, அதில் நெறுநெறுவென்று மண், வலது பாதத்துக்கு முன்னால் அந்த இரண்டாவது பிரேக். ஓட்டப் பழகுகிறவன் பக்கத்து பிரேக்கோடு ஒரே கம்பியில் பிணைத்தது. இங்கே நான் மிதித்தால் அங்கே அவன் பாதத்துக்கு அடியிலும் அது அமுங்கும். இன்றைக்கு மிதிக்க மாட்டேன். காலையில் பல் விளக்கும்போது எடுத்த முடிவு, சோறு கட்டும்போது மறுபடியும் எடுத்தேன், இப்போது மூன்றாவது தடவை. ஒரே முடிவை மூன்று தடவை எடுக்கிறவள் எப்படிப்பட்டவள் என்று எனக்கே தெரியும். காலைப் பின்னால் இழுத்து சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். "நம்ம நெம்பர் எப்பங்க்கா வரும்?" என்கிறான் தரணீஷ். வரும்போது வரும். பதினெட்டு வயது முடிந்து நாலு மாதம் ஆகிறது இவனுக்கு, இன்னும் சரியாக முளைக்காத தாடியைத் தடவிக்கொண்டே இருக்கிறான். அப்பாவுக்குத் தென்னந்தோப்பும் கொப்பரைக் களமும் இருக்கின்றன. பையனுக்கு வெள்ளிக்கிழமை புது கார் வருகிறது, சிவப்புக் கலர். ஞாயிற்றுக்கிழமை வால்பாறை. நாற்பது கொண்டை ஊசி வளைவு, நாலு கூட்டாளிகள். சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அவன் அடித்துக்கொண்டு வந்த சென்ட் வண்டிக்குள் கும்மென்று நிற்கிறது, தலை வலிக்கிறது, கண்ணாடியை இறக்கச் சொன்னால் "புழுதி வருதுங்க்கா" என்கிறான். டேஷ்போர்டு பள்ளத்தில் குங்குமம் தடவிய ஒரு எலுமிச்சம்பழம். அவன் அம்மா கோயிலில் வாங்கிக் கொடுத்தனுப்பியது. பையன் பாஸாக வேண்டும் என்று பழம் அனுப்புகிறாள் மகராசி, பிரேக்கை அழுத்தப் பழகினாயாடா என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாளா? வண்டி நிற்கும்போது பழம் முன்னால் உருண்டு கண்ணாடியில் முட்டுகிறது, கிளம்பும்போது திரும்பி வருகிறது. ஸ்கூலிலிருந்து இந்த லைசென்ஸ் டெஸ்ட் மைதானத்துக்கு அவன் ஓட்டி வருவதற்குள் பதினேழு தடவை முட்டியது. பதினேழும் என் கால்தான்.

எனக்கு இந்த வயதுப் பையன்களையே பிடிக்கவில்லை, சொல்லிவிட்டால் என்ன. பெண்கள் பயந்துகொண்டு வருவார்கள், ஸ்டியரிங்கைப் பிடித்தால் விரல் வெளுத்துப்போகும், அதட்டினால் கண் கலங்கும், ஆனால் நிறுத்தத் தெரிய வேண்டும் என்ற பயமாவது இருக்கும். இவன்களுக்கு ஓட்டினால் போதும், நிற்பது தானாக வந்துவிடும். முதல் நாளே ஏறி உட்கார்ந்து, "எல்லாந் தெரியுமுங்க்கா, மாமா வண்டிய தோப்புக்குள்ள ஓட்டியிருக்கறேன்" என்றான். தோப்புக்குள் தென்னை மரம் குறுக்கே ஓடி வருமா? பந்தை எடுக்க வருமா? பள்ளிக்கூட மணி அடித்ததும் சைக்கிளில் மூன்று பேராகத் திரும்புமா? இதையெல்லாம் அன்றைக்கே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, சிரித்தேன். பையன் முகம் வாடினால் அடுத்த தெரு ஸ்கூலுக்குப் போய்விடுவான் என்று எங்கள் முதலாளி கிட்டுசாமி அண்ணன் சொல்லியிருக்கிறார். வகுப்பு ஒன்றுக்கு அரை மணி, ஒரு வண்டியில் மூன்று பேர். ஒருவன் ஓட்டுவான், இரண்டு பேர் பின்னால் போனை நோண்டுவார்கள். ஆக ஆளுக்குப் பத்து நிமிடம், அதற்குள் பஸ் ஸ்டாண்டு, சந்தை, ஆட்டோ, மாடு. அவனாகத் தப்புச் செய்து அவனாகப் படிக்க அங்கே நேரம் ஏது. வேலைக்குச் சேர்ந்த அன்று அண்ணன் சொன்னார், "கோகிலா, ஓட்டறது தாந்தான்னு அவீக நெனச்சுக்கட்டும். கால் மட்டும் உன்றதா இருக்கோணும்." ஒன்பது வருஷமாக அப்படித்தான். அவன் மிதிக்க நினைப்பதற்கு ஒரு மூச்சு முன்னால் நான் மிதித்துவிடுவேன். அவன் பாதம் பட்டதும் பெடல் தானாக இறங்கும். தொட்டால் போதும், நின்றுவிடும் என்று அவன் கால் படித்துக்கொள்கிறது. வாயால் சொன்னதெல்லாம் மறந்துபோகும், கால் படித்தது மறக்காது. என் காலையே பார். பஸ்ஸில் போனால் தரையை மிதிக்கிறது. வீட்டுக்காரர் பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் கால் வைக்கும் கம்பியை மிதிக்கிறது, "ஏம்புள்ள, நானென்ன உன்ற ஸ்டூடண்டா?" என்கிறார். அடுப்பில் பால் பொங்கி வந்தால் கை போவதற்கு முன்னால் கால் போய்த் தரையை அழுத்துகிறது. இப்போதுகூட சீட்டுக்கு அடியிலிருந்து எப்போது வெளியே வந்தது என்று தெரியவில்லை, பெடலுக்கு முன்னால் வந்து நிற்கிறது. மறுபடியும் உள்ளே இழுத்துக்கொள்கிறேன்.

ஒரு வண்டி முடிந்துவிட்டது, நகர்கிறோம், நிற்கிறோம், பழம் உருள்கிறது. பதினெட்டு. சனியன் பிடித்த கால். இங்கே நிழல் கிடையாது, மைதானத்தைச் சுற்றிக் கருவேலங்காடு, நடுவில் மேடு ஏறி இறங்க மண்ணைக் கொட்டி ஒரு சரிவு, அதைத் தாண்டி வெள்ளைக் கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் மண் நிரப்பிய இரண்டு தார் டிரம். கோட்டில் நிற்காதவன் டிரம்மில் போய் நிற்பான். ஒன்பது வருஷத்தில் என் வண்டி டிரம்மைத் தொட்டதில்லை, "கோகிலாக்கா வண்டின்னா பாஸுதான்" என்று ஊரில் பேச்சு, அந்தப் பேச்சைக் கேட்டு நானும் கொஞ்ச நாள் தலைநிமிர்ந்து நடந்தேன். சபரீஷ் அப்படித்தான் என்னிடம் வந்தான். என் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தான். பாஸானான், மைசூர்பாகு கொண்டுவந்தான், பதினோராவது நாள் சாயங்காலம் நாலு மணிக்குத் தன் அண்ணன் காரில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போய் புளியமரத்து வளைவில் இளநீர்க் கடைக்குள் புகுந்துவிட்டான். ருக்குமணி அந்தக் கடைக்காரம்மா. நான் அங்கே எத்தனையோ தடவை குடித்திருக்கிறேன், வழுக்கை வழிக்க மட்டையிலேயே ஒரு சீவு சீவி ஸ்பூன் செய்து தருவாள், காசு கொடுத்தால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கையில் பாதி சீவிய இளநீரோடு போய்ச் சேர்ந்தாள். பேப்பரில் என்ன போட்டான்? கட்டுப்பாட்டை இழந்த கார். இழப்பதற்குக் கட்டுப்பாடு அவனிடம் இருந்ததா? அது எப்போது அவனிடம் இருந்தது? இருந்தது என் வலது பாதத்தில், அன்றைக்கு நாலு மணிக்கு நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் நெற்றியில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தான், சட்டையில் பித்தான் இல்லை, என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "பிரேக்க மிதிச்சனுங்க்கா. நெசமாலுமே மிதிச்சனுங்க்கா. உங்க வண்டில நின்னுச்சேங்க்கா." பக்கத்தில் இருந்த ஏட்டு சிரித்தார். காரைச் சோதித்துப் பார்த்தார்கள், பிரேக்கில் ஒரு பழுதும் இல்லை. பையன் பொய் சொல்கிறான் என்று முடித்துவிட்டார்கள். அவன் பொய் சொல்லவில்லை என்று அந்த வராந்தாவில் இன்னும் இரண்டு பேருக்குத் தெரியும். என்னோடு வந்திருந்த கிட்டுசாமி அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், பிறகு குனிந்து என் காலைப் பார்த்தார், திரும்பி வரும் வழியில், "பாஸ் பண்ணி உட்டதோட நம்ம வேலை முடிஞ்சுது புள்ள, மனசுல வெச்சுக்காத" என்றார். உங்க வண்டில நின்னுச்சேங்க்கா. சாம்பாருக்குப் புளி கரைக்கும்போது வந்துவிடும் அந்தக் குரல், பல்லைக் கடித்துக்கொண்டு கரைப்பேன். ஊரில் எங்கேயும் இளநீர் குடிப்பதில்லை.

அதற்குப் பிறகாவது மாற்றிக்கொண்டாயா என்று யாராவது கேட்க வேண்டும், கேட்க யாரும் இல்லாததால் நானே கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வருஷம், நூற்றுப் பத்தொன்பது பேர். எல்லாரும் பாஸ். தினமும் காலையில் பேப்பரில் மாவட்டச் செய்திப் பக்கத்தை முதலில் பார்ப்பேன், விபத்து என்று இருந்தால் வயதைப் பார்ப்பேன், பத்தொன்பது, இருபது என்று இருந்தால் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீர் குடிப்பேன். நம்ம பையன் இல்லை என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வருமே, அந்த நிம்மதிக்காகவே என்னைச் செருப்பால் அடிக்கலாம், செத்தவன் வேறு ஸ்கூல் என்று ஒரு நிம்மதி. விட்டுப் பார்க்காமலும் இல்லை. இவனுடைய பதினேழாவது வகுப்பில், இன்றைக்கு அவனே நிறுத்தட்டும் என்று காலை எடுத்தேன், சரியாக அப்போது பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் ஒரு சின்னப்பெண், பின்னால் புத்தகப் பை, அதற்கும் பின்னால் ரெட்டைச் சடை. கால் என்னைக் கேட்காமல் போய் இறங்கியது. வண்டி நின்றது. "பாத்தீங்களாக்கா, எப்படி நிறுத்தினேன்" என்றான் இந்த மடையன். அன்றைக்கே அறைந்திருக்க வேண்டும். அவனையா என்னையா என்று தெரியாததால் விட்டுவிட்டேன். இவன் கெட்ட பையன் இல்லை, அதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. போன வாரம் எனக்குக் காய்ச்சல் என்று தெரிந்து அம்மாவிடம் சொல்லி மிளகு ரசம் வாங்கிக்கொண்டு வந்தான். அந்த ரசத்தைக் குடித்துவிட்டு இவனை வெறுப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வெறுக்கிறேன். வெறுக்காவிட்டால் அடுத்தது பயம், பயந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும், ஆழியாறு தாண்டியதும் ஏற ஆரம்பிக்கும் அந்த ரோடு, ஏறுவது ஒன்றும் பெரிய காரியமில்லை, இறங்க வேண்டுமே, ஒவ்வொரு வளைவிலும் இவன் சிவப்பு காரில் பிரேக்கைத் தொடுவான். தொடுவான், அழுத்த மாட்டான். பின் சீட்டில் மூன்று அம்மாக்களின் பிள்ளைகள், முன் சீட்டில் ஒரு அம்மாவின் பிள்ளை. இன்றைக்குப் பெயிலானால் போகாமல் இருப்பானா? இருக்க மாட்டான். லைசென்ஸ் இல்லாமலே போவான், போலீஸ் பிடித்தால் அப்பா இருக்கிறார், போன் இருக்கிறது. பெயிலானால் மட்டும் போதாது என்று இப்போதுதான் புத்தியில் படுகிறது. டிரம்மில் போய் இடிக்க வேண்டும் இவன். டம்மென்று சத்தம் கேட்க வேண்டும். முன்னால் நின்ற வண்டி எல்லாம் முடிந்துவிட்டது, "அக்கா, நம்மளக் கூப்புடறாங்க" என்கிறான்.

மோட்டார் வாகன ஆய்வாளர் என்று பலகையில் எழுதியிருக்கிறது, இந்தப் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பிரேக் இன்ஸ்பெக்டர்தான். பிரேக் இன்ஸ்பெக்டர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துகிறார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார், "போப்பா" என்கிறார். அவருக்குப் பசி, பேப்பர்கட்டு மடியில் இருக்கிறது, பேனா மூடி வாயில் இருக்கிறது. என் கால்கள் இரண்டும் சீட்டுக்கு அடியில். இருங்கள், அங்கேயே இருங்கள். முதல் கியர், கிளட்சைக் கொஞ்சம் உதறினான், பரவாயில்லை, சரிவில் ஏறுகிறது, பாதியில் நிறுத்தச் சொல்லவில்லை அந்த ஆள், சொல்லியிருந்தால் அங்கேயே வெட்டவெளிச்சம் ஆகியிருக்கும், சொல்ல மாட்டார், வெயில். உச்சியில் வானம் மட்டும் தெரிந்தது, பிறகு மூக்கு இறங்கியது, வெள்ளைக் கோடு தெரிகிறது, டிரம் தெரிகிறது, ஒரு டிரம்மின் மேல் காக்காய். இரண்டாவது கியர். "கோட்டுல நிறுத்து" என்றார் பின்னாலிருந்து. இவன் பாதம் போவது எனக்குத் தெரிகிறது, பார்க்காமலே தெரிகிறது, போய்ப் பெடலின் மேல் ஒரு தூசியைத் தட்டுவதுபோல் உட்காருகிறது, அவ்வளவுதான், இது போதாதுடா, அழுத்து, அழுத்துடா, வண்டி இறக்கத்தில் வருகிறது, கோடு வருகிறது, இடிக்கட்டும், இடித்துவிட்டுப் போகட்டும், வராந்தாவில் நின்றவன், பித்தான் இல்லாத சட்டை, இடிக்கட்டும் இடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், காக்காய் பறந்தது, பழம் உருண்டு கண்ணாடியில் முட்டியது. வண்டி கோட்டின் மேல் நின்றிருந்தது. முன் சக்கரம் அச்சாக வெள்ளையின் மேல். குனிந்து பார்த்தேன். என் வலது கால், விரல்கள் வெளுக்க, பெடலைத் தரையோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது.

"பாஸ்" என்றார் அவர். தரணீஷ் ஸ்டியரிங்கை ஒரு குத்துக் குத்தி, "யெஸ்" என்று கத்தினான். எனக்கு ஒன்பது வருஷம் விழுங்கியதெல்லாம் மேலே வந்தது. "சார், அது நான் மிதிச்சதுங்க" என்றேன். இவன் காதில் விழவில்லை, அதற்குள் போனை எடுத்துவிட்டான். அவர் நிமிராமல் கையெழுத்துப் போட்டார். "தெரியுமுங்கம்மா. உங்க வண்டி மட்டும் வருஷம் பூரா கோட்டு மேலயே நிக்குதே, எனக்குத் தெரியாதுங்களா?" பேனாவை மூடினார், கதவைத் திறந்தார், இறங்கிக்கொண்டே, "அடுத்த வண்டிய வரச் சொல்லுங்க" என்றார். கோபம் வந்தது. யார் மேல் என்று பார்த்தால் அவர் மேல் கொஞ்சம், கிட்டுசாமி அண்ணன் மேல் கொஞ்சம், மிச்சம் எல்லாம் பெடலை இன்னும் விடாமல் இருந்த அந்தக் காலின் மேல். ஆக எல்லாருக்கும் தெரியும். அவருக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஓட்டப்போகிறவனுக்கு மட்டும் தெரியாது. "பாஸாயிட்டண்டா, ஞாயித்துக்கெழம கன்பார்ம்" என்று போனில் கத்துகிறான். போனை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். "வண்டிய எடு" என்றேன். "கேட்டுப் பக்கமுங்களா?" "இல்ல, பின்னால. அந்தக் கருவேலங்காட்டுப் பக்கம்."

மைதானத்தின் பின்புறம் யாரும் வருவதில்லை. மேடு போட்டு மிஞ்சிய மண் அங்கே இடுப்பளவுக்குக் குவிந்து கிடக்கிறது, அதற்குப் பின்னால் முள். "பெல்ட் போட்டிருக்கறயா?" என்று கேட்டேன், இழுத்துக் காட்டினான், என் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்துக்கொண்டேன். பிறகு இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "என்னங்க்கா, பந்தில உக்காந்தாப்பல?" "நேரா பாத்து ஓட்டு. ரெண்டாவது கியர். நான் சொல்றப்ப அந்த மண்ணுக்கு முன்னால நிறுத்தோணும். உங்கொப்பன் வண்டின்னு நெனச்சுக்க." "அட, இதென்னங்க்கா பெரிய வேலை." முடுக்கினான். வேகம் இருபது, இருபத்தைந்து. மண் குவியல் பெரிதாகிக்கொண்டே வந்தது. என் வலது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "இப்ப நிறுத்து." பாதம் போய்த் தொட்டது, அதே தொடல், வண்டி அவனைச் சட்டை செய்யவில்லை. கைக்குள் என் கால் துடிக்கிறது, கீழே இறங்கப் பார்க்கிறது, இவ்வளவு பலம் இருக்கிறதா இந்தக் காலுக்கு, நகம் பதிய இறுக்கினேன், விடமாட்டேன், செத்தாலும் விடமாட்டேன், "அக்கா!" என்று அலறினான், "அக்கா, பிரேக்குங்க்கா!" என்றான். நான் கண்ணை மூடவில்லை. வண்டி மண்ணில் போய்ச் செருகி உதறி அணைந்தது. பெல்ட் நெஞ்சை அறுத்தது. எலுமிச்சம்பழம் எகிறி என் மடியில் வந்து விழுந்தது. முன் கண்ணாடி முழுக்கப் புழுதி.

அவனுக்கு அடி ஒன்றும் இல்லை, முகம்தான் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. "பிரேக் போச்சுங்க்கா. நான் மிதிச்சனுங்க்கா. இப்பதானுங்க்கா நின்னுச்சு, அந்தக் கோட்டுல—" "அது நீ நிறுத்துல" என்றேன். "இருபத்தி ரெண்டு நாளும் நீ நிறுத்துல. நாந்தான் நிறுத்துனேன். உன்ற வண்டில நான் இருக்கமாட்டன்டா." எனக்கு முன்னால், கீழே, யாரும் மிதிக்காமல் நின்ற அந்த இரண்டாவது பெடலை அவன் பார்த்தான். சம்மணம் போட்ட என் காலைப் பார்த்தான். திட்டுவான், அப்பாவிடம் சொல்வான், சாயங்காலத்துக்குள் கிட்டுசாமி அண்ணன் கணக்கு முடித்து அனுப்புவார், எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். அவன் திட்டவில்லை. உதட்டை நக்கிக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோல், "அஞ்சு பேருங்க்கா" என்றான். "ஞாயித்துக்கெழம. என்னோட சேத்து அஞ்சு பேரு." மடியில் அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, இரண்டு பேரும் எடுக்கவில்லை. அப்புறம் அவன் வலது கால் போவதைப் பார்த்தேன். பெடலின் மேல் உட்கார்ந்தது, இறங்கியது, பல்லைக் கடித்து, தரை தட்டும் வரைக்கும் அழுத்தினான். வண்டி எப்போதோ நின்றுவிட்டது. அவன் இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தான். நான் என் காலை இன்னும் விடவில்லை.